எல்லாரையும் பாராட்டிய லொம்பார்டோ சார்

சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன் தொடரில் ஓர் ஓவிய வாத்தியார் வருவார். பெயர் லொம்பார்டோ. ஸ்பிரிங்ஃபீல்ட் சமுதாயக் கல்லூரியில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறவர். வகுப்பில் யார் எதை வரைந்தாலும் அவருக்கு அது அற்புதம், அபாரம். அப்படிப் பாராட்டிக்கொண்டே போகிற வழியில், படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு வேலையாளையும் பார்க்கிறார். ஒரு கணம் நின்று, "இன்னொரு வெற்றிப் படைப்பு!" என்று அவரையும் மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. கண் சிமிட்டினால் தவறிவிடும்.

முதல் முறை கேபிள் டிவியில் அதைப் பார்த்தபோது நானும் எல்லாரையும் போலத்தான் சிரித்தேன். இந்த ஆளுக்கு ஓவியத்துக்கும் பெயிண்ட் வேலைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அப்படியானால் அவரிடம் படிக்கும் இல்லத்தரசி மார்ஜைப் பாராட்டியதற்கு என்ன மதிப்பு என்பதுதான் அந்த நகைச்சுவை. இருபது வருடம் கழித்துப் போன மாதம் மறுபடியும் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தக் கைப்பிடிக்காரரையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

தொடரின் இரண்டாவது சீசன். 1991 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பான கதை. எழுதியவர் பிரையன் கே. ராபர்ட்ஸ், இயக்கியவர் ஜிம் ரியர்டன். குடும்பத்தோடு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகும் மார்ஜின் கணவன் ஹோமர், சறுக்குக் குழாயில் சிக்கிக்கொள்கிறான். கிரேன் வைத்து எடுக்க வேண்டியதாகிறது. உடம்பைக் குறைத்தே தீருவேன் என்று சபதம் போட்டு, பழைய எடைக்குண்டுகளைத் தேடிப் பரணில் ஏறுகிறான். அங்கே மார்ஜ் பள்ளியில் படிக்கும்போது வரைந்த படங்கள் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே முகம், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார்.

பரணில் படம் கிடக்கிறது என்றால் அதை யாரோ கேலி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மார்ஜ் விஷயத்திலும் அப்படித்தான். பள்ளி ஓவிய ஆசிரியர் அதை மட்டம் தட்டியிருக்கிறார். அவளோ விடாமல் ஒரு படத்தை ரிங்கோவுக்கே தபாலில் அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. அதோடு தூரிகையைத் தொடுவதையே விட்டுவிட்டாள். மூன்று குழந்தைகள், சமையல், துவையல் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மகள் லிசா சொல்லித்தான் மாலை வகுப்புக்குப் போகிறாள். லொம்பார்டோ சாரிடம்.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் பாட்டியை வரைந்தேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற படம். பென்சிலால் மூன்று நாள் போராடி, கேமல் வாட்டர் கலர் பெட்டியில் இருந்த பழுப்பை எல்லாம் தீர்த்து வரைந்தது. டிராயிங் மாஸ்டர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது பாட்டியா, பனங்கொட்டையா?" என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் கெட்டவர் இல்லை, நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைத்துச் சமாளிக்கிறவர். ஆனால் அடுத்த இருபத்தெட்டு வருடம் நான் வரையவில்லை. கோலம் போடும்போதுகூடப் புள்ளிக் கோலம்தான், எண்ணிவைத்துப் போடுகிற கோலம். கையை அதன் போக்கில் விட்டு இழுக்கிற கோலத்துக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

அதனால் லொம்பார்டோ சார் மார்ஜின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது எனக்குத் தெரியும், அந்தக் கணத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதில் சரி தப்பு பார்க்க ஒன்றுமே இல்லை. கதவு திறக்குமா மூடுமா என்பதுதான் கேள்வி. அவர் திறந்துவிடுகிறார். யாருக்கு வேண்டுமானாலும் திறப்பவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறந்த கதவு வழியாக உள்ளே போகிறவளுக்கு அது எல்லாருக்கும் திறந்த கதவா, தனக்கென்று திறந்ததா என்பதில் என்ன வந்தது?

மார்ஜ் முதலில் வரைவது எதை என்று பாருங்கள். ஜட்டியோடு சோபாவில் விழுந்து தூங்கும் ஹோமரை. பக்கத்தில் இருந்த பொருள், தினமும் பார்க்கிற உடம்பு. லொம்பார்டோ அதை மெச்சுகிறார். ஓவியப் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைக்கிறது. பரிசு கிடைத்ததும் ஊரின் அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் வந்து நிற்கிறான். அருங்காட்சியகத்தில் தன் பெயரில் கட்டும் பகுதிக்குத் தன் உருவப்படம் வேண்டும், தன்னை அழகாகக் காட்ட வேண்டும் என்கிறான். பாராட்டைக் காசு கொடுத்து வாங்க நினைக்கிற ஆள்.

இந்த இடத்தில் அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொம்பார்டோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் லோவிட்ஸ். 1985 முதல் 1990 வரை சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் நடித்துப் பெயர் வாங்கியவர். லொம்பார்டோ வருவதற்குச் சில வாரம் முன்பு, அதே சீசனில், பள்ளி நாட்களில் மார்ஜை விரும்பிய ஆர்ட்டி ஸிஃப் என்ற தலைக்கனம் பிடித்த பையனுக்கும் அவர்தான் குரல். அடுத்த வருடம், 1992 அக்டோபரில், மார்ஜ் ஒரு நாடகத்தில் நடிக்கப் போகிறாள். அந்த நாடக இயக்குநர் லூவெலின் சின்க்ளேருக்கும் லோவிட்ஸ்தான் குரல். இந்த ஆள் லொம்பார்டோவுக்கு நேர் எதிர். வாழ்க்கையில் மூன்று நாடகம் இயக்கினேன், மூன்று முறை மாரடைப்பு வந்தது என்று பெருமையாகச் சொல்கிறவன். மார்ஜிடம் கோபம் போதாது, கோபம் போதாது என்று கத்திக்கொண்டே இருக்கிறான். அப்புறம் 1994-இல் தி கிரிட்டிக் என்று தனியாக ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. அதன் நாயகன் ஜே ஷெர்மன் ஒரு சினிமா விமர்சகன். எந்தப் படம் பார்த்தாலும் 'நாறுது' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்கிறவன். அவனுக்கும் இதே லோவிட்ஸ்.

ஒரே தொண்டைதான். எல்லாம் அற்புதம் என்கிற வாத்தியார், எதுவும் போதாது என்கிற இயக்குநர், எல்லாம் நாறுது என்கிற விமர்சகன். இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒன்று புரிகிறது. சின்க்ளேரின் கத்தலில் மார்ஜ் நன்றாக நடித்துவிடுகிறாள், அது உண்மை. ஆனால் அவளுக்குள் ஹோமர் மேல் கோபம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது, இயக்குநர் மூடியைத் திறந்துவிட்டார். ஓவியத்தில் அவளுக்குள் இருந்தது கோபம் இல்லை, பயம். பயத்தைக் கத்திக் கிளப்ப முடியாது. அதற்கு லொம்பார்டோதான் வேண்டியிருந்தது.

நான் மறுபடி வரைய ஆரம்பித்த கதைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு, எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு நடப்பதைக் கேள்விப்பட்டுப் போனேன். சார் ஓவியக் கல்லூரியில் படித்தவர் இல்லை. சைன்போர்டு எழுதியவர். கடைவீதியில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை ஒரு காலத்தில் அவர் கையால் எழுதியவை. ஃபிளெக்ஸ் வந்தது, ஒரே இரவில் அச்சடித்துக் கட்டிவிடுகிறார்கள், வேலை போய்விட்டது. அதற்கப்புறம் சில வருடம் வீடுகளுக்கு டிஸ்டெம்பர் அடித்தார், கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் எனாமல் அடித்தார். இப்போது வகுப்பு எடுக்கிறார்.

இவரும் எல்லாரையும் பாராட்டுவார். ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர் தேங்காய் வரைந்தார். பார்த்தால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல கனம் சார். கையில எடுத்தா தூக்க முடியாது போல" என்றார். வங்கிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த வாரம் ஐந்து தேங்காய் வரைந்து கொண்டுவந்தார். ஐந்தாவது தேங்காய் தேங்காய்தான்.

லொம்பார்டோவுக்கும் இவருக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் உண்டு. லொம்பார்டோ பொத்தாம்பொதுவாகப் பாராட்டிவிட்டுப் போகிறார். எங்கள் சார் பாராட்டுவதற்கு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வாயைத் திறப்பார், கண்டுபிடிக்கும்வரை நிற்பார். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் யோசிக்காமல் எங்கள் சார் பக்கம்தான் நிற்பேன். ஆனால் எதுவும் இல்லாத இடத்தில் லொம்பார்டோ போதும் என்றும் சொல்வேன். ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு லொம்பார்டோ கிடைத்திருந்தால் போதும்.

சரி, கைப்பிடிக்கு வருவோம். ஒருநாள் அந்தக் காட்சியை சாருக்கு என் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தாளு கம்பிக்கு அடிக்கிறாரா?" என்று கேட்டார். அப்புறம் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று கால் மணி நேரம் சொன்னார். முதலில் துரு போக உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ப்ரைமர் காய வேண்டும். எனாமலை வட்டக் கம்பியில் இழுத்தால், அடித்த நிமிஷம் பளபளவென்று இருக்கும், நாம் அடுத்த கம்பிக்குப் போய்விடுவோம். அதற்குள் பெயிண்ட் மெதுவாகக் கம்பியின் வயிற்றுப் பக்கம் இறங்கி, முத்து முத்தாக நிற்கும். "அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பி வரணும்மா. பிரஷ்ல பெயிண்ட் தொடாம அடிப்பக்கத்தை ஒரே இழுவையா இழுக்கணும். வராட்டி காய்ஞ்சு சொரசொரன்னு நின்னுடும். மேல இருந்து பாக்கிறவனுக்குத் தெரியாது. கையை வெச்சு ஏறுற கிழவிக்குத் தெரியும்."

பிரஷ் போன தடமே தெரியாமல் ஒரு சீராக நிறத்தைப் பரப்புவதுதான் தொழிலில் கஷ்டமான வேலை என்பார் சார். ஒருவர் செய்தார் என்பதே தெரியக் கூடாது.

அன்று வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. 1991-இல் சிம்ப்ஸன்ஸ் கணினியில் வண்ணம் தீட்டப்படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கிளாஸ்கி சூப்போ நிறுவனத்தில் முக்கியமான வரைபடங்களை வரைந்து, அவற்றைத் தென்கொரியாவுக்கு அனுப்புவார்கள். சியோலில் ஏகாம் என்ற நிறுவனத்தில் இடைப்பட்ட அசைவுகளை வரைந்து, ஒவ்வொன்றையும் செல் எனப்படும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் ஏற்றி, கையால் வண்ணம் தீட்டுவார்கள். கோடு முன்பக்கம் இருக்கும், வண்ணம் பின்பக்கம். முன்னாலிருந்து பார்க்கும்போது தூரிகைத் தடம் துளியும் தெரியக் கூடாது, மஞ்சள் என்றால் ஒரே மஞ்சளாக இருக்க வேண்டும். ஒரு தாளில் கொஞ்சம் அழுத்தமாகவும் அடுத்த தாளில் கொஞ்சம் வெளிறியும் இருந்துவிட்டால், படம் ஓடும்போது மார்ஜின் முகம் விட்டுவிட்டு மின்னும். இருபத்திரண்டு நிமிடக் கதைக்கு ஆயிரக்கணக்கான தாள்கள். 2002-இல் கணினிக்கு மாறும்வரை இந்தத் தொடர் இப்படித்தான் வந்தது.

அப்படியானால் அந்தப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு உண்மையிலேயே ஒருவர் பெயிண்ட் அடித்திருக்கிறார். சியோலில் ஒரு மேசையில் குனிந்து உட்கார்ந்து, கைப்பிடிக்கு அடிக்கிற ஆளின் சட்டைக்கும் கைக்கும் அவர் பிடித்திருக்கும் பிரஷ்ஷுக்கும், தடம் தெரியாமல், சிந்தாமல், ஒரே சீராக. லொம்பார்டோவின் பாராட்டு தெரிந்தோ தெரியாமலோ அவருக்கும் சேர்த்துத்தான். எழுதியவர்கள் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்த ஒரு நொடி எனக்கு இப்போது அப்படித்தான் தெரிகிறது. தனக்கென்று ஒரு கேன்வாஸும் இல்லாதவர்களைப் பார்த்து யாரோ நின்று ஒரு வார்த்தை சொன்ன காட்சி.

பாராட்டு திரும்பப் பறிக்கப்படுவதும் உண்டு. இதே தொடரில் 1999-இல் இன்னொரு கதை வந்தது. தேதி ஒரு ஒற்றுமை: அதுவும் ஏப்ரல் 11. ஹோமர் பார்பிக்யூ அடுப்பு கட்டப் போய், சிமென்ட்டும் செங்கல்லும் குடையுமாக ஒரு குப்பைக் குவியலை உண்டாக்கிவிடுகிறான். ஆஸ்ட்ரிட் வெல்லர் என்ற ஓவியக் கூடக்காரி அதைப் பெரிய கலை என்கிறாள். அவளுக்குக் குரல் இசபெல்லா ரோசலினி. ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் அதே கதையில் தானாகவே வந்து பேசியிருக்கிறார். ஹோமர் புகழ் பெறுகிறான். அடுத்த கண்காட்சியில் அதே மாதிரியே செய்து வைத்ததும், புதுசாக எதுவும் இல்லையே என்று அதே கூட்டம் கைகழுவிவிடுகிறது. அந்தக் கதையில் எனக்கு மனசில் நிற்பது ஹோமர் இல்லை. இத்தனை வருடம் ஆசைப்பட்டும் எனக்குக் கிடைக்காதது உனக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டதே என்று மார்ஜ் வருத்தப்படுகிற இடம். லொம்பார்டோ எத்தனை தாராளமாகக் கொடுத்தாலும் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை என்பது அதைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

லொம்பார்டோவின் பாராட்டால் பர்ன்ஸின் படம் முடிந்துவிடவில்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பர்ன்ஸ் மார்ஜின் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் படுத்துகிறான். ஹோமர் பட்டினி கிடந்து 239 பவுண்டுக்கு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 108 கிலோவுக்கு, இறங்கி வந்து குதூகலிக்கும்போது, உன்னைப் போலக் குண்டனை நான் பார்த்ததே இல்லை என்கிறான். மார்ஜ் அவனை வெளியே போகச் சொல்லிவிடுகிறாள். இந்த மனிதனுக்குள் அழகே இல்லை, என்னால் வரைய முடியாது என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

அப்போது தபால் வருகிறது. ரிங்கோ ஸ்டாரின் பதில். ரசிகர்களின் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் பதில் எழுதி வந்தவர், இத்தனை வருடம் கழித்து மார்ஜின் கடிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். படம் பிரமாதம், சுவரில் மாட்டியிருக்கிறேன் என்கிறார். அவள் சின்ன வயதில் கேட்டிருந்த கேள்விக்கும் பொறுப்பாகப் பதில் சொல்கிறார்: இங்கிலாந்திலும் உருளைக்கிழங்கு வறுவல் உண்டு, நாங்கள் அதைச் சிப்ஸ் என்போம். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு பின்குறிப்பு. ரிங்கோவே குரல் கொடுத்தார். இந்தத் தொடரில் குரல் கொடுத்த முதல் பீட்டில் அவர். அப்புறம் 1993-இல் ஜார்ஜ் ஹாரிசன், 1995-இல் பால் மெக்கார்ட்னி. நிஜ ரிங்கோ 2008 அக்டோபரில், இனிமேல் ரசிகர் கடிதங்களுக்குக் கையெழுத்திட்டு அனுப்ப மாட்டேன் என்று வீடியோ போட்டு அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மார்ஜ் ஞாபகம்தான் வந்தது. நல்லவேளை, அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மார்ஜ் மறுபடி தூரிகையை எடுக்கிறாள். திரை விலகும்போது கூட்டம் அதிர்ந்துபோகிறது. பர்ன்ஸ் துணியில்லாமல் நிற்கிறான். குளித்துவிட்டு வெளியே வந்தவனைத் தற்செயலாகப் பார்த்த அந்தக் கணத்தை அவள் வரைந்திருக்கிறாள். எலும்பும் தோலுமான ஒரு கிழவன். ஊரையே ஆட்டிப்படைக்கிற அந்த ஆளுக்குள்ளே, ஒருநாள் இல்லாமல் போகப்போகிற பலவீனமான ஓர் உயிர் இருக்கிறது, அதைத்தான் காட்டினேன் என்கிறாள். பர்ன்ஸ் அருகில் வந்து பார்க்கிறான். நான் கலை விமர்சகன் இல்லை, ஆனால் எனக்கு எது பிடிக்காது என்று தெரியும், இது எனக்குப் பிடிக்காமல் இல்லை என்கிறான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அவ்வளவுதான். மார்ஜுக்கு அதுவும் போதுமாக இருக்கிறது. லொம்பார்டோவிடம் வாரி வாரி வாங்கியவள், பர்ன்ஸிடம் ஒரு துளியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். முன்னது இல்லாமல் பின்னதை அவள் வாங்கியிருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தூங்குகிறவரை வரைவது சுலபம், அசைய மாட்டார், எப்படி வரைகிறாய் என்று கேட்க மாட்டார். மார்ஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுப்பார். மடித்துக் கட்டிய வேட்டி, நெஞ்சில் பேப்பர், ஒரு கால் நாற்காலிக் கையில். பாட்டி படத்துக்கு அப்புறம் நான் வரைந்த முதல் ஆள் அவர்தான். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆனது. முகம் சரியாக வரவே இல்லை. சாரிடம் காட்டினேன். அவர் வழக்கம்போல வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இந்தக் கட்டைவிரல் நல்லா நடந்த விரலும்மா" என்றார்.

படத்தைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படியில் வேலையாக இருந்தேன். எட்டிப் பார்த்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் பக்கம் திரும்பாமலே, "இது நானா?" என்றார்.

"ஆமாப்பா."

"என் விரல் இப்படியா வளைஞ்சிருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் குனிந்து தன் காலைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் நான் வந்து பார்க்கும்போது சாய்வு நாற்காலி ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழுகிற மாதிரித் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.